கான் எங்கே போய் முடிகிறது?

எங்கள் ஒழுங்கைக்குக் கொங்கிறீற் போட்ட நாளில் நான் கேட்டது ஒரு கேள்விதான். வேலையைப் பார்த்துக்கொண்டு நின்ற பொடியனிடம், "தம்பி, இந்தக் கான் எங்க போய் முடியுது?" என்றேன். "சந்தியில, ஐயா" என்றான். "சந்தியில இருந்து?" அவன் கையில் மடித்து வைத்திருந்த தாளை விரித்துப் பார்த்தான். "எஸ்டிமேற்றில சந்தி மட்டும்தான் கிடக்கு, ஐயா."

அவனில் பிழை சொல்ல முடியாது. அந்தத் தாளில் நீளம், அகலம், கொங்கிறீற்றின் கனம், கல்லு மண்ணின் கணக்கு, கூலி எல்லாம் ஒழுங்காக இருந்தன. தண்ணீர் மட்டும் இல்லை. கார்த்திகையில் மழை பிடித்தது. சந்தியில் பெரிய வீதி காப்பற்றுக்கு மேல் காப்பற் போட்டு உயர்ந்து கிடக்கிறது. எங்கள் கான் அதற்கு ஒரு முழம் பள்ளத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது. வீதித் தண்ணீர் சந்தியில் சேர்ந்தது. சேர்ந்தது கானைப் பிடித்துத் திரும்பி வந்து எங்கள் வளவுகளுக்குள் ஏறியது. முந்தி மணல் ஒழுங்கையாகக் கிடந்த காலத்தில் கணுக்காலளவு நின்று இரண்டு நாளில் வற்றிய தண்ணீர், இப்போது முற்றத்தில் ஒரு கிழமை கிடந்தது.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "அப்ப அந்தக் கானைச் சந்தியோட விடாம கடல் மட்டும் கொண்டுபோயிருக்க வேணும்." கட்சி பேதமில்லாமல் எல்லாரும் சொல்கிற பதில் இதுதான். யாழ்ப்பாணத்தில் வெள்ளம் நிற்பதற்குக் காரணம் கான் போதாமை. ஒழுங்கைக்கெல்லாம் கொங்கிறீற் போட்டு, இரு கரையும் கான் கட்டி, மழைத்தண்ணீரைக் கெதியாகக் கடலுக்கு அனுப்பிவிட்டால் ஊர் திருந்திவிடும் என்பது கட்சிக்காரர், சபைக்காரர், வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புகிற ஊர்ச்சங்கத்தார் எல்லாருடைய முடிவு. 2018க்குப் பிறகு 2025 மே மாதத்தில்தான் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. ஏழு வருடம் காத்திருந்த வாக்காளனுக்கு வட்டாரத்துக்கு வட்டாரம் கிடைத்த வாக்குறுதியிலும் றோட்டும் கானும்தான் முன்னுக்கு நின்றன. இந்த மண்ணுக்கு இது தலைகீழான வைத்தியம் என்பதுதான் என் வாதம்.

குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றும் இல்லை. தெல்லிப்பழைப் பக்கம் ஊறி, கந்தரோடை, சண்டிலிப்பாய் வயல்களால் வந்து, அராலி கல்லுண்டாய்ப் பக்கம் கடல்நீரேரியில் விழுகிற வழுக்கையாறும் மாரிக்கு மட்டும் ஆறு. கோடையில் அதன் நடுவே மாடு மேயும். மழை வருடத்துக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழிவரையான மூன்று மாதத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். மிச்ச ஒன்பது மாதமும் நாம் குடித்ததும் குளித்ததும் வெங்காயத்துக்கு இறைத்ததும் அந்த மூன்று மாதத்தில் நிலத்துக்குள் இறங்கியதைத்தான். மேலே மெல்லிய செம்மண். கீழே ஓட்டையும் வெடிப்பும் குகையுமான சுண்ணாம்புக்கல். அதற்குள் உவர்நீருக்கு மேலே மிதக்கிறது நன்னீர்.

மிதக்கிறது என்பதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ள வேண்டும். நிலத்தடி நீர் படித்தவர்களிடம் பழைய கணக்கு ஒன்று உண்டு. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு அது உவரை அமுக்கி வைத்திருக்கும். மேலே 1 அடி குறைந்தால் கீழே உவர் 40 அடி ஏறிவரும். நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழம் போகப் போக உவருமாக இருப்பதை ஊரார் அதிசயமென்று சொல்வார்கள். குடாநாடு முழுவதும் அப்படித்தான் நிற்கிறது. நிலாவரையில் அது கண்ணுக்குத் தெரிகிறது. இந்த நிலத்தில் மழைத்தண்ணீரைக் கெதியாகக் கடலுக்கு அனுப்புகிற ஒவ்வொரு கானும், வைகாசியில் யாரோ ஒருவருடைய கிணற்றில் உப்பாகத் திரும்பி வரும்.

2024 ஓகஸ்டில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்தார்கள். நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர். வேண்டாத வேலை என்று நான் சொல்லவில்லை. தீவுப்பகுதிப் பெண்கள் பவுசருக்குக் குடத்தோடு காத்து நின்றதைப் பார்த்தவன் அப்படிச் சொல்லமாட்டான். ஆனால் ஒரு சின்னக் கணக்குப் பார்க்கலாம். 100 சதுர கிலோமீற்றர் நிலத்தில், அதாவது குடாநாட்டின் பத்தில் ஒன்றில், 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் அது 10 லட்சம் கனமீற்றர். அந்த நிலையம் ஆறு கிழமை ஓடினால்தான் அவ்வளவு தண்ணீர் தரும். பெய்ததில் பாதி ஆவியாகட்டும், கால்வாசி ஓடட்டும். மிச்சமும் சும்மா வந்த தண்ணீர்தான். அதை ஒரு கையால் கடலுக்குத் தள்ளிக்கொண்டு, மற்றக் கையால் கடலிலிருந்து மின்சாரம் செலவழித்து உறிஞ்சி எடுக்கிறோம்.

கான்காரருடைய வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. யாழ் நகரத்தின் தென்கரையும் குருநகர், நாவாந்துறைப் பக்கமும் கடல் மட்டத்துக்குச் சற்றே உயர்ந்தவை. மார்கழியில் அங்கே நிலத்தடி நீர் முற்றத்தை முட்டி நிற்கும். மண்ணே நிரம்பிவிட்ட பிறகு எங்கே இறங்குகிறது? அங்கே கான் வேண்டும். அதற்குச் சரிவும் வாய்மதகும் வேண்டும், வருடத்துக்கு இரண்டு முறை தூர்வார ஆளும் வேண்டும். இதில் எனக்கு மறுப்பில்லை. நகரத்தின் கடலோரத்துக்குச் சொன்ன மருந்தை உரும்பிராய்க்கும் அச்சுவேலிக்கும் அளவெட்டிக்கும் அதே குளிசையாகக் கொடுக்கிறார்கள் என்பதுதான் என் குறை. மழைத்தண்ணீரை விழுங்கத் தெரிந்த மண் அங்கே இருக்கிறது. அதன் வாயைக் கொங்கிறீற்றால் அடைத்துவிட்டு, தண்ணீர் நிற்குது என்று அழுகிறோம்.

நகரத்திலும் கானால் எவ்வளவு முடியும்? 2008 நவம்பர் 25இல், நிஷா புயலோடு, யாழ்ப்பாணத்தில் ஒரு நாளில் 390 மில்லிமீற்றரளவு பெய்தது. ஒரு பரப்புக் காணியில் அது ஏறத்தாழ ஒரு லட்சம் லீற்றர். ஓரடி அகலம், ஓரடி ஆழமுள்ள கான் ஒன்று, ஆயிரம் அடிக்கு ஓரடிச் சரிவில், 24 மணித்தியாலமும் விளிம்பு முட்ட ஓடினாலும் 35 பரப்புத் தண்ணீருக்கு மேல் தாங்காது, இரண்டேகால் ஏக்கர். இது கானுக்குள் சோப்புப் பெட்டியும் பிளாஸ்ரிக் போத்தலும் வாழைமட்டையும் இல்லாத உலகத்துக்குரிய கணக்கு. மழை உச்சத்தில் இருக்கிற நாள் கடலும் உயர்ந்து நிற்குமென்பதையும் இதில் சேர்க்கவில்லை.

பழைய ஆட்கள் இந்தத் தண்ணீரை என்ன செய்தார்கள் என்று பார்த்தால், அவர்கள் அதைத் துரத்தவில்லை. தோட்டத்துக்கு வரம்பு கட்டி நிறுத்தினார்கள். மிஞ்சியதைக் கேணிக்கும், கேணி வழிந்ததைக் குளத்துக்கும், குளம் வழிந்ததை வயலுக்கும் விட்டார்கள். கோடையில் குளத்து மண்ணை வண்டியில் அள்ளித் தோட்டத்துக்குப் போட்டார்கள். தோட்டத்துக்குப் பசளை, குளத்துக்கு ஆழம். ஒழுங்கை வளவுகளைவிடப் பள்ளமாகக் கிடந்தது. அது வழியுமாக இருந்தது, மாரியில் வாய்க்காலுமாக இருந்தது. கிளுவைக் கதியாலும் பூவரசும் பனைமட்டையும் கொண்ட வேலியின் அடியால் தண்ணீர் சத்தமில்லாமல் ஒரு வளவிலிருந்து அடுத்த வளவுக்குப் போகும். வேலிக்காக வெட்டுக்குத்துப் பட்ட ஊர் தண்ணீருக்கு வேலி போடவில்லை.

இப்போது மதில். கனடாக் காசு, இலண்டன் காசு, அத்திவாரம் இரண்டடி, மேலே ஆறடி, மூலைக்கு மூலை தூண். தண்ணீர் போக ஒரு சாண் ஓட்டை விடுகிற மேசன் அபூர்வம். விடச் சொல்கிற வீட்டுக்காரன் அதிலும் அபூர்வம். பழைய உறுதிகளை எடுத்துப் பாருங்கள்: "வடக்கு வாய்க்கால்" என்று எல்லை எழுதியிருக்கும். நேரில் போய்ப் பார்த்தால் வடக்கே மதில் நிற்கும். வாய்க்காலை விழுங்கியவர் எங்கள் சொந்தக்காரராக இருப்பார், கோயில் சபையிலும் இருப்பார். அதனால் அதைப்பற்றிப் பேச்சில்லை. "கவுண்மேந்து கான் கட்டித் தரவேணும்" என்று மனுக் கொடுப்பது சுகமாக இருக்கிறது.

வீதியும் சேர்ந்துகொண்டது. பழைய தாரைக் கிண்டி எடுக்காமல் அதற்கு மேலேயே புதுத் தார், பிறகு காப்பற். தடவைக்கு நாலு விரல் என்றாலும் நாலு தடவையில் வீதி வாசற்படிக்கு மேலே வந்துவிடும். வீதி உயர்ந்ததும் வசதியுள்ளவர் இருபது லோட் கிறவல் பறித்து வளவை உயர்த்துவார். அவருடைய தண்ணீர் பக்கத்து வளவுக்கு. அங்கே தனியே இருக்கிற கிழவி என்ன செய்வா? பாத்திரத்தால் அள்ளி ஊற்றுவா. வெள்ளத்தை இயற்கை அனர்த்தம் என்று பதிகிறார்கள். எங்கள் ஒழுங்கையில் அது மட்டப்பலகையால் வந்தது.

நடக்க வழி வேண்டாமா, மழைநாளில் வருத்தக்காரரை ஆஸ்பத்திரிக்கு ஏற்ற வாகனம் வரவேண்டாமா, சேற்றுக்குள்ளால் பள்ளிக்கூடப் பிள்ளை போவதா என்று கேட்பார்கள். வேண்டும். என் தாயைக் கதிரையில் வைத்து முழங்கால் தண்ணீரில் சந்திவரை தூக்கிப் போனவன் நான். மண் ஒழுங்கையைப் பற்றிக் கவிதை பாட எனக்கு ஆசையில்லை. என் ஒழுங்கைக்கு வழி போடுங்கள். போட முன்னம் மட்டம் பாருங்கள். வழியின் முகம் வளவுகளின் நிலத்தைவிடத் தாழ இருக்கட்டும். நடுவில் இரு சக்கரத்துக்கும் நடைக்கும் கல் பதித்து, ஓரங்களைப் புல்லுக்கும் மணலுக்கும் விடுங்கள். தண்ணீர் எந்தக் குளத்துக்குப் போகிறது என்று எஸ்டிமேற்றின் முதல் வரியில் எழுதுங்கள். அந்தக் குளத்துக்குள் தண்ணீர் வருகிற வாயும் வழிகிற வாயும் திறந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுக் கொங்கிறீற்றைக் குழையுங்கள். இப்போது குளம் திருத்துவதென்றால் சுற்றிவர நடைபாதை, இருக்கை, வர்ண விளக்கு. பின்னேரம் காற்று வாங்க நல்லதுதான். தண்ணீர் எந்த வழியால் உள்ளே வரும் என்று கேட்டால் திறப்புவிழாவில் ஒருவருக்கும் பதில் தெரியாது.

இவ்வளவும் மழைத்தண்ணீரின் கதை. எனக்கு உண்மையில் ஆத்திரம் வருகிற இடம் மற்றத் தண்ணீர்.

யாழ் நகருக்கு இன்றுவரை முழுமையான கழிவுநீர்க் குழாய் அமைப்புக் கிடையாது. கிராமங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். எல்லார் வளவிலும் குழிதான். "எங்கட வீட்டில செப்ரிக் ராங்" என்று பெருமையாகச் சொல்வார்கள். மூடியைத் தூக்கிப் பார்த்தால் பக்கத்துக்குச் சீமெந்து வளையம் இறக்கிய, அடியில்லாத கிடங்கு. அடி இல்லாமையே அதன் சிறப்பு, ஏனென்றால் அது நிரம்பாது. இருபது வருடமாக நிரம்பாத குழியைப் பற்றிப் பெருமைப்படுகிறவர், போனதெல்லாம் எங்கே போனது என்று யோசிப்பதில்லை. பத்துப் பாகத்தில் அவருடைய கிணறு.

கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி இடைவெளி இருந்தால் போதுமென்று ஒரு கணக்கு ஊரில் எல்லாருக்கும் தெரியும். இதை வைத்தே பார்ப்போம். 16 பரப்பு ஓர் ஏக்கர். ஒரு பரப்பைச் சதுரமாக வைத்தால் ஒரு பக்கம் 52 அடி. தாத்தாவின் எட்டுப் பரப்பு, சீதனத்திலும் பங்குபிரிப்பிலும் இரண்டு பரப்பாக, ஒரு பரப்பாக நறுக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டிலும் ஒரு வீடு, ஒரு கிணறு, ஒரு குழி. என் கிணற்றிலிருந்து என் குழி 50 அடி தள்ளி வேலிக்கரைக்குப் போனால், அது அயல்வீட்டுக் கிணற்றடிக்குப் போய்விடுகிறது. சட்டத்தை நான் காப்பாற்றினால் உடைப்பது அவருடைய பங்கு. தவிரவும் 50 அடி என்பது மண் வடிகட்டுகிற நிலத்துக்குச் சொன்ன கணக்கு. செம்மண் ஒரு முழத்தில் முடிந்து வெடிப்புள்ள கல் தொடங்குகிற இடத்தில் தண்ணீர் வடிவதில்லை, ஓடுகிறது. சுன்னாகத்தில் மின்நிலையத்துக் கழிவெண்ணெய் நிலத்துக்குள் இறங்கியபோது அது எந்த 50 அடியோடு நின்றது? ஊர் ஊராகக் கிணறுகள் மணத்தன. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மின்னுற்பத்திக் கம்பனி 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்கவேண்டும் என்று தீர்ப்புச் சொல்லும்வரை அந்தச் சனம் பவுசர்த் தண்ணீரில் சீவித்தது. எண்ணெய்க்கு நிறமும் மணமும் இருந்ததால் ஊர் கொதித்தது. நைத்திரேற்றுக்கு இரண்டும் இல்லை. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் ஆகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அதைத் தாண்டிய கிணறுகள் குடாநாட்டில் இருக்கின்றன என்று ஆய்வுகள் பல தசாப்தமாகச் சொல்லி வருகின்றன. பழியெல்லாம் குழியில் போடவும் கூடாது. தோட்டவெளிகளில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் உருளைக்கிழங்குக்கும் கொட்டுகிற யூரியாவுக்கும் இதில் கனத்த பங்குண்டு. ஆனால் தோட்டமே இல்லாத நகர வளவில் யூரியா கொட்டியவர் யார்?

ஆக, மழைத்தண்ணீரைக் குழாய் கட்டிக் கடலுக்கும், கக்கூசுத் தண்ணீரைக் கிடங்கு வெட்டிக் கிணற்றுக்கும் அனுப்புகிற ஊர் எங்களுடையது. இரண்டையும் மாற்றிப்போட்டால் பாதி வருத்தம் தீரும்.

ஏன் மாற்றவில்லை? காசில்லை என்பார்கள். 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனோடு வந்த பெருந்திட்டத்தின் பெயரே யாழ்ப்பாணம் கிளிநொச்சி நீர் வழங்கல் மற்றும் துப்புரவுத் திட்டம். இரணைமடுக் குளத்து நீரா, கடல்நீரா என்று வருடக்கணக்கில் இரண்டு மாவட்டமும் வாதிட்டன. எல்லாம் பெயரின் முதற்பாதிக்கு. "துப்புரவு" என்ற இரண்டாம் பாதிக்காக ஒரு கூட்டம் கூடி உரத்துப் பேசியதாக எனக்கு நினைவில்லை. றோட்டுக்கு நாடா வெட்டலாம், பெயர்க்கல் வைக்கலாம். மலக்குழிக்கு யார் பெயர்க்கல் வைப்பார்?

இன்னொரு காரணமும் உண்டு, நாம் வாய்விட்டுச் சொல்லாதது. நகரத்தில் வாளிக் கக்கூசு இருந்த காலத்தில் அந்த வாளியைச் சுமந்தவர்கள் யார், எங்கே குடியிருத்தப்பட்டார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். வாளி போய்விட்டது. அந்த வேலையைப் பற்றிய எண்ணம் போகவில்லை. அதனால்தான் இஞ்சினியர் மலிந்த ஊரில், தன் பிள்ளை மலக்கழிவுப் பொறியியல் செய்கிறது என்று கலியாணத் தரகரிடம் சொல்லுகிற தகப்பனைக் காணமுடியவில்லை.

நகரம் முழுக்க ஆழக் குழாய் தாட்கச் சொல்லவில்லை நான். கழிவுக் குழாய்க்குச் சரிவு வேண்டும். தட்டை நிலத்தில் சரிவு எடுக்க எடுக்க ஆழம் போகும், ஆழம் போனால் கல்லும் தண்ணீரும், இடையிடையே பம்பி நிலையம். நெருக்கமான நகரப் பகுதிக்கு அது கட்டும், கிராமத்துக்குக் கட்டாது. கிராமத்துக்கு வேண்டியது அடியும் பக்கமும் பூசி அடைத்த தொட்டி, அதை முறைவைத்து உறிஞ்சிப்போக சபையின் பவுசர், பவுசர் கொண்டுபோய் இறக்க ஒழுங்கான சுத்திகரிப்பிடம். அட்லாண்டிக் நடுவே பெர்முடா என்றொரு தீவு. அங்கும் சுண்ணாம்புக்கல், அங்கும் ஆறில்லை. கூரையில் விழுகிற மழையை வீட்டுக்குக் கீழே தொட்டியில் சேர்க்கவேண்டும் என்று சட்டமே வைத்திருக்கிறார்கள். கூரைக்கு வெள்ளைச் சாந்து பூசிப் பாத்திரம்போல வைத்திருப்பார்கள். அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், தமிழ்நாடு 2003இல் வீட்டுக்கு வீடு மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. எங்கள் கூரைத் தண்ணீர் பீலியால் இறங்கி, வாசலால் ஓடி, கானுக்குள் போகிறது. அந்தக் கானுக்குள்ளேயே குசினித் தண்ணீர்க் குழாயையும், சில வீடுகளில் இரவோடிரவாகக் குழி வழிகிற குழாயையும் கொழுவியிருக்கிறார்கள்.

வெள்ளம் நின்றால் நோய் வருகிறதே என்பது கடைசி அஸ்திரம். 2024 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு மார்கழியில், இன்னதென்று தெரியாத காய்ச்சலால் ஆட்கள் இறந்தார்கள். எலிக்காய்ச்சல் என்று பிறகு தெரிந்தது. எலியின் சலம் கலந்த தண்ணீரில் காலை வைத்ததால் வந்த நோய். அதற்குப் பிறகு ஊரில் எழுந்த கோரிக்கையும் இன்னும் கான் என்பதுதான். மூடியில்லாத, தூர்வாராத, சாப்பாட்டுக் கழிவு மிதக்கிற கானைவிட எலிக்கு நல்ல வளவு ஊரில் வேறெங்கே இருக்கிறது?

இதையெல்லாம் எழுத இருக்குமுன் என் வளவை அளந்து பார்த்தேன். கிணற்றுக் கட்டிலிருந்து என் குழி 31 அடி. தெரிந்த மேசனைக் கூப்பிட்டு, குழியை மூடி அடைத்த தொட்டி கட்ட எவ்வளவு முடியும் என்று கேட்டேன். நாடாவைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "கட்டலாம், அண்ணை. ஆனா அடிக்குக் கொங்கிறீற் போட்டா கெதியில நிரம்பிப்போம். நீங்கள் பவுசருக்கு ஒவ்வொருமுறையும் காசு குடுக்கவேணும். பக்கத்து வீட்டுக்காரன் குடுக்கமாட்டான். அவன்ர குழி உங்கட கிணத்துக்கு இதவிடக் கிட்ட."

எட்டிப் பார்த்தேன். மதில் மறைத்தது. அவரே ஏறிநின்று அளந்து சொன்னார்: "இருபத்தி நாலு."